மெக்கானம் ரோபோவுக்கு ரப்பர் சக்கரம்: நாலு மூலையிலா, நடுவிலா?

மெக்கானத்தில், அதாவது விளிம்பைச் சுற்றிச் சாய்வான சிறு உருளைகள் பதித்த சக்கரத்தில், ஓடும் போட்டி ரோபோ எந்தப் பக்கமும் நகரும், ஆனால் எதிரணி ரோபோ வந்து முட்டினால் சறுக்கிக்கொண்டே பின்னால் போகும். உருளைகள் 45 டிகிரி சாய்வில் தன்போக்கில் சுழல்வதால், அதே ரப்பர், அதே எடை என்றாலும் நேராகத் தள்ளும் விசை சாதாரண சக்கரத்தில் கிடைப்பதில் சுமார் 70 சதவீதம்தான். பக்கவாட்டு நகர்வே தேவையில்லாத போட்டி என்றால் ஆறு ரப்பர் சக்கரம் போட்டுவிட்டுப் போகலாம், அதில் பேச ஒன்றுமில்லை. இரண்டும் வேண்டும் என்றால்தான், தள்ளும்போது மட்டும் இறங்குகிற ரப்பர் சக்கரம்.

ஒரு வழி ஆக்டோகேனம்: ஒவ்வொரு மூலையிலும் ஒரு மெக்கானம், ஒரு ரப்பர் சக்கரம், இரண்டுக்கும் ஒரே மோட்டார், காற்றழுத்தச் சிலிண்டர் தட்டினால் மாறும். இன்னொன்று, மெக்கானத்தைத் தொடாமல் நடுவில் தனி மோட்டாரோடு இரண்டு ரப்பர் சக்கரத்தை இறக்குவது. கோவையில் எங்கள் கல்லூரி அணி எடுத்தது இரண்டாவதை, அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

விசையில் ஆக்டோகேனம்தான் ஜெயிக்கும், முழு எடையும் ரப்பரில் உட்காருகிறதே. எங்களுடையது 50 கிலோ ரோபோ. 32 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரை 4.5 பார் காற்றழுத்தத்தில் வைத்தால் கணக்குப்படி சுமார் 37 கிலோ ரப்பருக்கு வரும், மிச்சம் மெக்கானத்தில் நிற்கும். அதையும் சேர்த்து ஓட்டினால் ஆக்டோகேனத்தைவிட விசை இழப்பு பத்து சதவீதத்துக்குள். ரெகுலேட்டரை ஆசைப்பட்டு 6 பாருக்கு ஏற்றினால் கிட்டத்தட்ட மொத்த எடையும் அந்த இரண்டு சக்கரத்தில் நின்று ரோபோ தள்ளாடும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. பிடி வேண்டுமென்றால் ரப்பர் மெத்தென்று இருக்க வேண்டும், மெத்தென்று இருந்தால் சீக்கிரம் தேயும். இங்கே மில் ரோலருக்கு ரப்பர் போடுகிற பட்டறைகள் இருப்பது நம் அதிர்ஷ்டம். நாங்கள் போன இடத்தில் பட்டறைக்காரர், "கண்ணு, 60 ஷோருக்குக் கீழ போனீங்கன்னா ஒரே ஆட்டத்துல வழிச்சுரும்ங்க" என்று சொல்லித்தான் போட்டுக் கொடுத்தார் (ஷோர் என்பது ரப்பரின் கடினத்தை அளக்கும் அளவு, எண் குறைந்தால் ரப்பர் மெத்து). தேய்ந்த ரோலரை மில்லில் கிரைண்டிங் பிடித்துத் திரும்ப மாட்டுவதுபோல எங்கள் சக்கரத்தையும் பிடித்துக் கொள்ளலாம், ஆனால் இரண்டையும் ஒரே விட்டத்துக்குப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரோபோ ஒரு பக்கமாக இழுக்கும். நடுவில் இருப்பது இரண்டே சக்கரம், ரோபோவைச் சாய்த்து இரண்டு நட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். ஆக்டோகேனத்தில் நாலு சக்கரம், நாலு பெல்ட் டென்ஷன், நாலு பிவட் (சக்கரம் ஏறி இறங்கும் கீல்) புஷ், அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிடுவதற்குள் எதைப் பார்ப்பது? அதை நாங்கள் ஓட்டியதில்லை, பிற அணிகள் பிரித்து மாட்டுவதைப் பார்த்துச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நடுச்சக்கரம் போடுகிறவர்கள் பிவட்டைச் சக்கரத்துக்கு முன்னால் வையுங்கள், மோட்டாரும் அதே ஆர்மில் இருக்கட்டும். முன்னோக்கித் தள்ளும்போது சக்கரம் தானாகத் தரையில் அமுங்கும். ரிவர்ஸில் இதுவே தூக்கப் பார்க்கும், அப்புறம் சிலிண்டர் பலம் மட்டும்தான் துணை. தள்ளுகிற அளவுக்கே பின்னாலும் இழுக்க வேண்டிய ஆட்டமென்றால் ஆக்டோகேனத்தையே பாருங்கள்.