தொப்பிக்கு அடியில் யாருடைய கண்ணீர்? மூன்று ஆசிய கௌபாய் படங்கள், ஓர் ஒப்பீட்டு அலசல்

‘டியர்ஸ் ஆஃப் தி பிளாக் டைகர்’ என்று உலகம் அறிந்த தாய்லாந்துப் படத்துக்கு அந்த நாட்டில் வைத்த பெயர் ‘ஃபா தலாய் ஜோன்’. சொல்லுக்குச் சொல் பிரித்தால் ‘வானம் கள்வரை அழிக்கும்’ என்று வரும். ஆனால் அது ஒரு மூலிகையின் பெயரும்கூட. நம் ஊரில் காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்கும் நிலவேம்புதான் அது. துப்பாக்கி, குதிரை, கண்ணீர் எல்லாம் நிறைந்த ஒரு காதல் படத்துக்கு விதியின் தண்டனையையும் நாக்கில் தங்கும் கசப்பையும் ஒரே பெயரில் கட்டிக் கொடுத்திருக்கிறார் இயக்குநர் விசித் சாசனாதியெங். 2000இல் வந்த இது அவருடைய முதல் படம்.

ஆசியாவில் எடுத்த கௌபாய் படங்களில் எதைப் பார்ப்பது என்று கேட்டால் மூன்று பெயர்கள் சேர்ந்தே வரும். விசித்தின் இந்தப் படம், ஜப்பானில் தகாஷி மீகே 2007இல் எடுத்த ‘சுகியாகி வெஸ்டர்ன் ஜாங்கோ’, கொரியாவில் கிம் ஜீ-வூன் 2008இல் எடுத்த ‘தி குட், தி பேட், தி வியர்ட்’. மூன்றுமே இத்தாலியக் கௌபாய் படங்களின் சாயலை எடுத்துத் தங்கள் மண்ணில் நட்டவை. மூன்றிலும் மிகை உண்டு, கேலி உண்டு. அந்தக் கேலிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன. ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் தாய்லாந்துப் படத்தைப் பாருங்கள். ஏன் என்பதைத்தான் கீழே சொல்லியிருக்கிறது.

தொப்பி எந்த மண்ணில் நிற்கிறது

நெல் வயல் நாட்டில் கௌபாய் தொப்பி எப்படி என்ற கேள்வி எழும். கதை நடப்பது மத்திய சமவெளியில், சுபன்புரி மாகாணத்தில். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அந்தப் பக்கம் கொள்ளைக் கூட்டங்களுக்குப் பேர்போனது. பேர்பெற்ற கொள்ளையர் பெயருக்கு முன்னால் ‘புலி’ என்ற சொல்லைப் பட்டம்போல் சேர்ப்பது வழக்கம். படத்தில் வரும் டம், ஃபாய், மஹேசுவன் ஆகிய பெயர்கள் அந்தக் காலத்தில் உண்மையிலேயே திரிந்த கொள்ளையர்களின் பெயர்கள். ‘டம்’ என்றால் கறுப்பு. ஆக, ‘கறுப்புப் புலி’ என்பது அந்த ஊர்க்காரர் காதில் நேராக விழும் பெயர். தொப்பியும் கழுத்துத் துணியும் மட்டும்தான் கடன் வாங்கியவை.

கொரியப் படத்தின் மண் 1930களின் மஞ்சூரியா, இன்றைய சீனாவின் வடகிழக்குப் பகுதி. நாட்டை ஜப்பானிடம் இழந்த கொரியர்கள், சீனர்கள், ஜப்பானியப் படை, உள்ளூர்க் கொள்ளையர் எல்லாரும் மோதும் யாருக்கும் சொந்தமில்லாத வெளி. 1960களிலும் 70களிலும் கொரியாவில் இதே பின்னணியில் ‘மஞ்சூரிய வெஸ்டர்ன்’ என்றே ஒரு வகைப் படம் ஓடியது. கிம் ஜீ-வூன் அந்த மரபைப் பெரும் செலவில் மீட்டெடுத்தார். இதற்கும் வேர் உண்டு.

ஜப்பானியப் படம் 12ஆம் நூற்றாண்டின் கென்ஜி, ஹெய்கே குலப் போரை எடுத்துக்கொள்கிறது. ஒரு கூட்டத்துக்கு வெள்ளை, இன்னொன்றுக்குச் சிவப்பு. இரண்டும் ஒரு மலையூரில் தங்கத்துக்காக அடித்துக்கொள்கின்றன. சிவப்புக் கூட்டத்தின் தலைவன் ஷேக்ஸ்பியரைப் படித்துவிட்டுத் தன்னை ‘ஹென்றி’ என்று அழைக்கச் சொல்கிறான். யோசனை பிரமாதம். ஆனால் வரலாறு அங்கே உடையின் நிறமாக நிற்கிறதே தவிர, மனிதர்களின் வலிக்குள் இறங்கவில்லை.

நிறம் எப்படி வந்தது

விசித்தின் படத்தை நிறத்தைச் சொல்லாமல் பேச முடியாது. ரோஜா நிறச் சுவர், மயில்பச்சைத் தரை, மஞ்சள் வானம். புகைப்படத்தின் மேல் கையால் வண்ணம் தீட்டியதுபோல் மனிதர்களின் கன்னமும் உதடும். இதற்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று, ‘லிக்காய்’ என்ற தாய்லாந்து நாட்டுப்புற மேடை நாடகம்; அதன் தீட்டிய திரைச்சீலைகளும் மினுக்கு ஒப்பனையும். மற்றது, போருக்குப் பின் 1970 வரை அந்த நாட்டில் கோலோச்சிய 16 மி.மீ. படங்கள். 35 மி.மீ. ஃபிலிம் கிடைப்பது அரிதாகிவிட்டதால் மலிவான 16 மி.மீ. கலர் ஃபிலிமில் ஒலியில்லாமல் எடுப்பார்கள். தியேட்டரில் குரல் கலைஞர்கள் எல்லாப் பாத்திரங்களுக்கும் அங்கேயே பேசுவார்கள். மித் சாய்பன்சாவும் பெச்சரா சாவோராட்டும் அந்தக் காலத்தின் பெரிய ஜோடி. 1970 அக்டோபர் 8 அன்று படப்பிடிப்பில் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து மித் இறந்தார். அதோடு ஒரு காலமே முடிந்துவிட்டதாகச் சொல்பவர்கள் உண்டு.

அந்தப் பழைய பிரதிகளின் வெளிறிய, திரிந்த வண்ணத்தை விசித் திட்டமிட்டே திரும்பக் கொண்டுவந்தார். 35 மி.மீ.யில் எடுத்த படத்தை டிஜிட்டல் பீட்டாகாம் என்ற வீடியோ நாடாவுக்கு மாற்றி, அங்கே வண்ணத்தைத் திருத்தி, மறுபடி 35 மி.மீ. ஃபிலிமுக்கு ஏற்றினார்கள். முழுப் படத்தையும் கணினியில் வண்ணம் திருத்துவது எங்கும் வழக்கமாகாத நேரம் அது. இந்த வழிக்கு ஒரு விலையும் உண்டு. பீட்டாகாம் நாடா இன்றைய ஹெச்.டி. தரத்துக்குக் கீழானது. ஆகவே விளிம்புகள் கொஞ்சம் மழுங்கித்தான் தெரியும். கோளாறு டிஸ்க்கில் இல்லை. டிவியில் கூர்மையை ஏற்றினால் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும், அவ்வளவுதான்.

ஜப்பானியப் படமும் செயற்கையைக் கொண்டாடுகிறது. தொடக்கக் காட்சியில் தீட்டிய ஃபியூஜி மலைக்கு முன்னால் அமெரிக்க இயக்குநர் குவென்டின் டரான்டினோ துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார். அது அற்புதமான தொடக்கம். அதன்பின் படம் சேறும் மழையுமாக மாறி, கடைசியில் பனியில் முடிகிறது. கொரியப் படம் இதற்கு நேர் எதிர். சீனாவின் துன்ஹுவாங் பக்கத்துப் பாலைவனத்தில் எடுத்த நிஜ வெளி, நிஜப் புழுதி, நிஜக் குதிரைகள்.

ஒரு குண்டு, ஒரு பாம்பு

தாய்லாந்துப் படம் கேலியைக் கையாளும் விதத்தைக் கிட்டத்தில் பார்க்க இரண்டு காட்சிகள் போதும். தொடக்கத்தில் தாமரைக் குளத்து மண்டபத்தில் கொட்டும் மழையில் நாயகி ரம்போய் காத்திருக்கிறாள். அதே நேரத்தில் நாயகன் டம்மும் அவனுடைய கொள்ளைக் கூட்டத்து மஹேசுவனும் ஒரு வீட்டுக்குள் புகுந்து சுட்டுத் தள்ளுகிறார்கள். டம் சுட்ட ஒரு குண்டு இங்கும் அங்கும் பட்டுத் தெறித்து மறைந்திருப்பவன் நெற்றியில் போய் இறங்குகிறது. உடனே திரையில் எழுத்து வருகிறது: கவனித்தீர்களா, இல்லையென்றால் இன்னொரு முறை. அதே குண்டு மெதுவாக, அதன் பாதையோடு மறுபடி ஓடுகிறது. சிரிப்பு வரும். ஆனால் அந்த நேரமெல்லாம் அவள் மழையில் நிற்கிறாள். அவன் குதிரையை விரட்டிக்கொண்டு வந்து சேரும்போது மண்டபம் காலி. சாகசத்துக்காக நாம் ரசித்த நிமிடங்கள்தான் அவனுடைய வாழ்க்கையைப் பறித்தவை.

இரண்டாவது, தீட்டிய சூரியக் கதிர்களுக்கு முன்னால் நடக்கும் டம், மஹேசுவன் மோதல். இருவரும் சுடுகிறார்கள். மஹேசுவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் தொப்பியின் மேல் செத்த பாம்பு ஒன்று மரக்கிளையிலிருந்து விழுகிறது. டம் சுட்டது அவனை அல்ல, அவன் தலைக்கு மேலிருந்த பாம்பை. மெல்லிய கோட்டு மீசையும் அடித்தொண்டைச் சிரிப்புமாகத் திரிந்தவன் அந்த இடத்தில் நண்பனாகிறான்; பிறகு புத்தர் சிலை முன் இரத்தம் கலந்து சத்தியம். இந்த நட்பு என்ன ஆகிறது என்பது படத்தின் இரண்டாம் பாதி.

கொரியப் படத்தில் இதற்கு இணையான உச்சம் பாலைவனத் துரத்தல். மோட்டார் சைக்கிளில் நடிகர் சாங் காங்-ஹோ, பின்னால் குதிரைகளில் இரண்டு கூட்டங்கள், அவர்களுக்கும் பின்னால் லாரியும் பீரங்கியுமாக ஜப்பானியப் படை. நடுவில் இன்னொரு நாயகன் ஜங் வூ-சுங் ஓடும் குதிரையில் துப்பாக்கியை ஒற்றைக் கையால் சுழற்றி அடுத்த குண்டை ஏற்றுகிறார். யார் எங்கே இருக்கிறார் என்பது ஒரு கணம்கூடக் குழம்பாது. அதிரடியை மட்டும் அளந்தால் மூன்றில் இதுதான் முதல். இந்த விஷயத்தில் தாய்லாந்துப் படம் பக்கத்தில்கூட வராது. அதன் சண்டைகளில் ராக்கெட் வெடிக்கிறது, பல் தெறிக்கிறது, ஆனால் ஓட்டம் கிடையாது. ‘மலையை வெடி, குடிசையைக் கொளுத்து’ என்று தாய்லாந்தில் செல்லமாக அழைக்கும் பழைய அதிரடிப் படங்களின் பாணி அது.

காதல்

பலரும் தாய்லாந்துப் படத்தை முதல் அரை மணி நேரத்தில் கைவிடுவது இங்கேதான். நடிகர்கள் விறைப்பாக நிற்கிறார்கள், வசனத்தை ஒப்பிப்பதுபோல் சொல்கிறார்கள், காற்று வீசினாலே பாட்டு வருகிறது. நடிக்கத் தெரியாமல் அல்ல. தியேட்டரில் வேறொருவர் குரல் கொடுத்த காலத்து நடிப்பை அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். கண்ணீர் பிழியும் கதைகளைத் தாய்லாந்தில் ‘நாம் நாவ்’ என்பார்கள். அழுகிய தண்ணீர் என்று பொருள். விசித் அந்தத் தண்ணீரில் தயங்காமல் இறங்குகிறார்.

ஏழை விவசாயி மகன், ஆளுநர் மகள். போர்க்காலத்தில் அவனுடைய கிராமத்துக்கு அவள் வந்தபோது பழக்கம். பிறகு பாங்காக்கில் சந்திப்பு. அப்பாவைக் கொன்றவர்களைப் பழிவாங்க அவன் கொள்ளையனாவது. அவளுக்குப் போலீஸ் கேப்டன் கும்ஜோனோடு நிச்சயம். கதை இவ்வளவுதான், எல்லாம் தெரிந்ததே. கட்டிப்போட்ட கேப்டனைக் கொல்லும் வேலை டம்மிடம் வருகிறது. சாவதற்கு முன் தன் வருங்கால மனைவிக்குச் செய்தி சொல்லும்படி கேட்டு அவர் ஒரு படத்தைக் காட்டுகிறார். அதில் ரம்போய். அந்த இடத்தில் டம்மின் முகத்தில் எதுவும் நடக்காது. அந்த அசையாத முகம்தான் நெஞ்சை அறுக்கிறது. கிளைமாக்ஸை இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு புகைப்படமும் ஒரு சட்டைப் பையும் மட்டும் நினைவில் இருக்கட்டும்.

ஜப்பானியப் படத்தில் ஷிசுகா என்ற பெண்ணின் துயரம் உண்டு, ஆனால் அதன் மேல் நின்று பார்க்க இயக்குநருக்குப் பொறுமை இல்லை. கொரியப் படத்தில் காதலே கிடையாது. மூன்று ஆண்கள், ஒரு வரைபடம், ஒரு பழைய கணக்கு. அது குறையல்ல, வேறு பசி.

எந்தப் பிரதி, எந்த அமைப்பு

மூன்றுக்குமே வெவ்வேறு நீளத்தில் வெட்டிய ஒன்றுக்கு மேற்பட்ட வடிவம் உண்டு. ஓட விடுவதற்கு முன் நிமிடக் கணக்கைப் பாருங்கள்.

தாய்லாந்துப் படத்தின் முழு வடிவம் சுமார் 110 நிமிடம். 100 நிமிடத்தை ஒட்டி இருந்தால் அது வெளிநாட்டுக்காகச் சுருக்கியது. சுருக்கத்தில் அடிபடுவது காதல் பகுதி. அதைக் குறைத்தால் இது வெறும் வண்ணக் கேலியாகிவிடும். 2001இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் ‘அன் சர்ட்டெய்ன் ரிகார்ட்’ பிரிவுக்குப் போன இதை மிராமாக்ஸ் நிறுவனம் அமெரிக்க உரிமை வாங்கி, முடிவை மாற்றி, பிறகு வெளியிடாமலே வைத்திருந்தது. கடைசியில் மேக்னோலியா நிறுவனம் வாங்கி 2007 ஜனவரியில் அசல் வடிவில் திரையிட்டது. சொந்த நாட்டிலும் வசூல் தோல்விதான்.

ஜப்பானியப் படம் முழுசாக 121 நிமிடம். 100க்குக் கீழே இருந்தால் சுருக்கம். இதில் மட்டும் சுருக்கத்தைப் பார்ப்பதே மேல் என்பது எங்கள் கருத்து, நடுப்பகுதி தொய்கிறது. ஜப்பானிய நடிகர்கள் படம் முழுக்க ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், உச்சரிப்பு பிடிபடாது. ஆங்கிலம்தானே என்று சப்டைட்டிலை அணைக்காதீர்கள். கொரியப் படத்துக்கு உள்நாட்டு வடிவமும் வெளிநாட்டு வடிவமும் முடிவில் வேறுபடும்; 130 நிமிடத்துக்கு மேல் உள்ளது உள்நாட்டு வடிவம்.

டிவியில் ‘விவிட்’ முறை போட்டிருந்தால் ‘சினிமா’ முறைக்கு மாற்றுங்கள். தாய்லாந்துப் படத்தின் ரோஜா நிறம் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது. அதன்மேல் டிவியும் நிறத்தை ஏற்றினால் உடையின் மடிப்பெல்லாம் அழிந்து ஒரே பூச்சாகிவிடும். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தீட்டிய வானம் டிவி சீரியல் செட்டாகத் தெரியும். டப்பிங் வேண்டாம். அந்தப் பழைய மேடைத்தனமான உச்சரிப்பும் ஹார்மோனிகாவும் சேர்ந்துதான் படத்தின் பாதி உயிர்.

மூன்றையும் பார்ப்பதாக இருந்தால் கொரியப் படம் முதலில், ஜப்பானியது அடுத்து. தாய்லாந்துப் படத்தைக் கடைசியாக, வேறொரு நாளில், மழை பெய்கிற இரவாக இருந்தால் இன்னும் நல்லது.