திருவொற்றியூரில் ஒரு தியான உரையாடல் வட்டம்

பட்டினத்தார் அடங்கிய இடமும், வள்ளலார் ஏழுகிணற்றிலிருந்து வந்து வடிவுடையம்மனைப் பாடிய கோயிலும் உள்ள திருவொற்றியூரில் தியானம் கற்றுத்தருபவர்களுக்குக் குறைவில்லை. கண்ணை மூடி அமரும்போது மனத்தில் கிளம்புவதைப் பற்றி மனம்விட்டுப் பேசுவதற்குத்தான் இடம் அரிதாக இருந்தது. தேரடி மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு வீட்டின் முதல் மாடியில், ஞாயிறு மாலைகளில் நடக்கும் உரையாடல் வட்டம் அந்தக் குறையைப் போக்குகிறது. விளம்பரம் வேண்டாம் என்று நடத்துபவர் கேட்டுக்கொண்டதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதல் அரை மணி நேரம் மூச்சைக் கவனித்தபடி மௌனமாக அமர்கிறார்கள். தீட்சை, மந்திரம், குருவின் படம் எதுவும் இல்லை. அதன்பின் பேச்சு தொடங்குகிறது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடக் கூடாது, அவராகக் கேட்டாலொழிய யாரும் அறிவுரை சொல்லக் கூடாது, இங்கே பேசியது படியிறங்கக் கூடாது என்பவையே விதிகள். நடத்துபவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. உளவள ஆலோசனையும் படித்தவர். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

அவருடைய திறமை எனக்கு விளங்கியது ஒரு மணலித் தொழிலாளியுடன் அவர் பேசிய விதத்தில். (அந்த நண்பரின் அனுமதியுடன் எழுதுகிறேன்.) கண்ணை மூடினாலே நெஞ்சு படபடக்கிறது, தனக்குப் பக்குவம் போதவில்லை போலும் என்று அவர் தலைகுனிந்து சொன்னபோது, டீச்சர் பக்குவத்தைப் பற்றிப் பேசவே இல்லை. “தம்பி, கண்ணைத் திறந்துக்கோங்க. ரெண்டு காலும் தரையில படுதா பாருங்க. இப்ப நெஞ்சு எப்படி இருக்கு?” என்று கேட்டார். சற்று நேரம் கழித்து, “இதே மாதிரி முன்னாடி எப்பவாவது படபடத்திருக்கா?” என்றார். ஆலையில் நடந்த ஒரு விபத்தைப் பற்றி அந்த நண்பர் தானாகவே பேசத் தொடங்கினார். டீச்சர் அதைத் தோண்டித் துருவவில்லை. உட்கார்ந்து செய்வதை நிறுத்திவிட்டு, அடி அடியாகக் கவனித்து நடக்கும் தியானத்தைச் செய்யுமாறும், ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டுமாறும் சொன்னார்.

இந்த எல்லையை அறிந்திருப்பதால்தான் இந்த வட்டத்தை நம்பிப் பரிந்துரைக்கிறேன். தியானமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று உதவக்கூடியவை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-சின் 1979-இல் தொடங்கிய மனஅழுத்தத் தணிப்புப் பயிற்சி, மூச்சைக் கவனிப்பதை மருத்துவமனைக்குள்ளேயே கொண்டுவந்தது. ஆயினும் நீண்ட மௌனம் எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் ஒத்துவராது என்பதால்தான், மௌனமாகவே இருந்து பயிலும் 10 நாள் விபாசனா தியான முகாமுக்கான விண்ணப்பத்திலேயே மனநோய், அதற்கான சிகிச்சை பற்றிய கேள்விகள் இடம்பெறுகின்றன. வேறொரு பயிற்சியில் யாரோ சொன்னார்கள் என்று தூக்க மாத்திரையைத் திடீரென விட்டுவிட்ட இளைஞர் ஒருவரிடம், மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொன்னார். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416 அறைச் சுவரில் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. தனிப்பட்ட சிகிச்சை கேட்பவர்களை அவர் தாமே ஏற்பதில்லை. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர்களிடம் அனுப்புகிறார். கூட்டத்தைத் தன்னைச் சுற்றியே வைத்துக்கொள்ள விரும்பும் ஒருவர் இப்படிச் செய்யமாட்டார்.

குறைகளும் உண்டு. குண்டலினி, சக்கரம் என்று பேசத் தொடங்கும் மூத்த உறுப்பினர்கள் சிலர் நேரத்தை எடுத்துக்கொள்ள, வீட்டுத் துயரத்தைச் சொல்ல வந்த புதியவர்கள், பெரும்பாலும் பெண்கள், வாய் திறக்காமலே திரும்புகிறார்கள். பேச்சில் குறுக்கிடக் கூடாது என்ற நல்ல விதியே இங்கே தடையாகிறது. ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று டீச்சர் வரையறுத்தாக வேண்டும். பெண்களுக்கென மாதம் ஒரு கூட்டமாவது தனியாக நடத்தினால் பலர் வருவார்கள். நெடுஞ்சாலையின் ஹாரன் சத்தம் மௌனத்தின்போது நன்றாகவே கேட்கிறது. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

கட்டணம் கிடையாது, வாசலில் உள்ள உண்டியலில் விரும்பியதைப் போடலாம். மாடிப்படி செங்குத்தானது, நாற்காலிகளும் சிலவே. முழங்கால் வலி உள்ளவர்கள் சற்று முன்னதாகவே போய்விடுவது நல்லது, ஏனெனில் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.