கோத்தகிரிக்கு ஒரு கட்டிங் பிளேயர்

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு டொரன்டோ வந்து சேர்ந்தாயிற்று. மனசில் நிற்பது கம்பி வெட்டுகிற ஒரு கட்டிங் பிளேயர்தான்.

அக்கா மகன் கோத்தகிரியில் ஃபுட்பால் ஆடும்போது பந்தைத் தலையால் முட்ட எம்பினான். எதிரணிப் பையனின் முழங்கை தாடையில் இறங்கிவிட்டது. கீழ்த்தாடை வளையம் மாதிரியாம், ஒரு பக்கம் அடிபட்டால் மறுபக்கமும் உடையலாமாம். இவனுக்கு முகவாய்க்குப் பக்கத்தில் ஒன்று, எதிர்ப்பக்கம் காதோர மூட்டுக்குக் கீழே ஒன்று. கோயமுத்தூரில் ஆபரேஷன். முன்பக்கம் டைட்டானியம் தகடு. மூட்டுப் பக்கத்துக்காக மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி. 2 வாரம் கழித்து ரப்பர் மாட்டி வாயைத் திறந்து பழகணும், இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும். வைத்தியத்தில் குறையே சொல்ல மாட்டேன். டொரன்டோவில் இந்த வேகத்தில் நடந்திருக்குமா, சந்தேகம்தான்.

டிஸ்சார்ஜ் அன்றுதான் கடுப்பு. "வாந்தி வந்தா கம்பியை வெட்ட ஏதாவது குடுங்க" என்றேன். டொரன்டோவில் என்னோடு வேலை பார்ப்பவர் மகனுக்கு ஐஸ் ஹாக்கியில் தாடை உடைந்தபோது, கம்பி வெட்டியைக் கையில் கொடுத்துத்தான் வீட்டுக்கே அனுப்பினார்கள். கோயமுத்தூர் நர்ஸோ, "வாந்தியெல்லாம் வராதுங்க சார்." பில் கவுன்ட்டரில் பார்மசிக்குக் கை காட்டினார்கள். பார்மசியில், "அது ஹார்டுவேர் கடைலதாங்க கிடைக்கும்." சிரிக்காமல் சொன்னார்.

போகிற பாதையோ மேட்டுப்பாளையம் கோத்தகிரி மலைப்பாதை! குஞ்சப்பனை வருவதற்குள் எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பிக்கும் பரம்பரை எங்களுடையது. வாய் கட்டியிருக்கும்போது வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கினால்?

மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்தினேன்.

"என்ன கம்பிங்க வெட்டோணும்?"

"பல்லுக் கம்பிங்க."

கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூக்கு கூரான சின்னதாக ஒன்றை எடுத்து, துண்டுக் கம்பியை வெட்டிக் காட்டினார். அதோடு விடாமல் காருக்கே வந்து பையன் வாயை எட்டிப் பார்த்தார். "மேலுக்கும் கீழுக்கும் போற கம்பியை மட்டும் வெட்டுங்க. பல்லோட ஒட்டி நீளமாப் போறதைத் தொடாதீங்க." சாயந்திரம் டாக்டர் போனில் சொன்னதும் அதேதான்! "வாந்தி வரலைன்னா திருப்பிக் கொண்டாங்க, எடுத்துக்கறேன்" என்று வேறு கடைக்காரர் சொன்னார்.

வாந்தி வரவில்லை. வாந்தியைத் தடுக்கும் அவோமின் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கொடுத்திருந்தோம்.

மறுநாள் நலம் விசாரிக்க கோச் வந்தார். "மூணே வாரம், இறக்கிடலாம். தாடையில கட்டுப் போட்டுட்டே கும்ப்ளே லாராவைத் தூக்கலையா?" ஆன்டிகுவா, 2002. அந்த 14 ஓவரை எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதோடு தொடரை விட்டு ஆபரேஷனுக்கு அவர் ஊர் திரும்பியதை யாரும் சொல்வதில்லை. எலும்பு கூடவே 6 வாரம் ஆகும். எக்ஸ்ரே பார்த்து, பல்லுக்கு அளவெடுத்த மவுத்கார்டு (பல் காப்பு) போட்டு, மோதி ஆடுவதெல்லாம் 3 மாதம் கழித்துத்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

பையன் சிரிஞ்சில் ராகிக் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டே கோச்சைப் பார்த்துத் தலையாட்டினான். ஆமாமா, இல்லையா, தெரியவில்லை. அக்கா டீயோடு வந்தாள். டம்ளர் பக்கத்திலேயே கட்டிங் பிளேயரையும் வைத்தாள்.

"டீயைக் குடிச்சுட்டுக் கிளம்புங்க சார்."