ஆப்பை தூக்கிட்டு ஹைதராபாத் புல்லட்டினுக்கு மாறிட்டேன்

ஸ்டார் முதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு. முன்னாடி ஒரு ஃப்ரீ நிலநடுக்க ஆப் வச்சிருந்தேன், பேரு வேணாம். அலாஸ்கால 4.2ன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பும், அந்தமான்ல ஆடினா மட்டும் டிவில வந்தப்புறம் மெதுவா சொல்லும். ஒருநாள் கடுப்புல தூக்கிட்டேன். இப்ப பாக்கறது இன்காய்ஸ், அதாவது ஹைதராபாத்ல இருக்கற கடல் தகவல் மையத்தோட சுனாமி புல்லட்டின் தான். 2007 அக்டோபர்ல இருந்து ஓடுது, காசு கிடையாது.

இதை யூஸ் பண்றவங்க முதல்ல வர்ற மேக்னிட்யூட் நம்பரை, அதாவது நடுக்கத்தோட அளவை, கெட்டியா புடிச்சுக்காதீங்க. 2004 டிசம்பர் 26 காலைல 6:29க்கு சுமத்ரால ஆடினப்போ ஹவாய்ல இருக்கற பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்துல சொன்னது 8.0, ஒரு மணி நேரம் கழிச்சு 8.5, கடைசில பாத்தா 9.1. ஒண்ணு தானே கூடன்னு தோணும், ஆனா சக்தில நாப்பது மடங்குக்கு மேல! பூமி கிழிஞ்சதே 1300 கிலோமீட்டர் நீளம், கிழிஞ்சு முடிக்கவே எட்டு நிமிஷத்துக்கு மேல ஆச்சு, அதுல முதல்ல வர்ற வேகமான அதிர்வை மட்டும் வச்சு எடை போட்டா தராசு முள்ளு முட்டிக்கிட்டு நிக்கற மாதிரி தான், அதுக்கு மேல எவ்வளவு வச்சாலும் காட்டாது. 2011ல ஜப்பான்காரனுக்கே இந்த கதி, மூணு நிமிஷத்துல 7.9ன்னான், கடைசில 9.0. இப்ப டபிள்யூ ஃபேஸ்னு ரொம்ப மெதுவா ஆடற அலையை எடுத்து கணக்கு போடறாங்க, கனமோரிங்கற நிலநடுக்க விஞ்ஞானி 1993ல கண்டுபிடிச்சது, பெரிய நடுக்கத்துக்கும் முள்ளு முட்டாது.

அந்த ஒரு ஸ்டார் எதுக்கு குறைச்சேன்னா, முதல் புல்லட்டின்ல இடம், ஆழம், அளவு தான் இருக்கும், பூமி மேல கீழ நகர்ந்துச்சா பக்கவாட்டுல நகர்ந்துச்சான்னு இருக்காது. நமக்கு வேண்டியதே அது தானே. 2012 ஏப்ரல் 11 மத்தியானம் சென்னைலயே ஆடுச்சு, 8.6, பீச்ல இருந்து ஜனங்க ஓடினாங்க, ஆனா அது பக்கவாட்டு நகர்வு, கடல் தரை பெருசா தூக்கல, அதனால தண்ணியும் பெருசா வரல. சின்ன குறைனு தான் சொல்வேன், அலைமானி, கடலடி பிரஷர் கருவி எல்லாம் பாத்து அடுத்தடுத்து திருத்தி போடறாங்க. புல்லட்டின்ல உங்க ஊருக்கு வார்னிங்னு போட்டிருந்தா இடத்தை காலி பண்ணணும், அலர்ட்னா கடல் ஓரம் போகக்கூடாது, வாட்ச்னா செய்தியை கவனிச்சா போதும்.

நாகப்பட்டினத்துக்கு 2004ல அலை வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அதனால நம்ம கரைக்கு இந்த புல்லட்டின் நல்லாவே உதவும். நிக்கோபார்ல இருக்கறவங்களுக்கு அலை சீக்கிரமே வந்துடும், இதை நம்பி உக்காராதீங்க, நிக்க முடியாத அளவுக்கு ஆடினா போனை பாக்காம மேட்டுக்கு ஏறிடுங்க.