சேப்பல் ரோனோட குட் லக், பேப்! – நல்லா இரும்மா, போய்ட்டு வா

அமெரிக்க பாடகி சேப்பல் ரோனோட இந்த பாட்ட, பொண்ணுக்கு பொண்ணு மேல வர்ற க்ரஷ் பத்தினதுன்னு மட்டும் சொல்லிட்டு போனா பாதிதான் சொன்ன மாதிரி, ஏன்னா இங்க க்ரஷ் ஸ்டேஜெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு. பாடுறவ இது காதல்தான்னு சொல்ல ரெடி, எதிர்ல இருக்கறவ நமக்குள்ள ஒண்ணுமே இல்லன்னு சாதிக்கிறா, பார்ல நூறு பசங்கள முத்தம் குடுத்தாவது இத மறந்துடலாம்னு பாக்குறா. சரிம்மா நல்லா இருன்னு சொல்லிட்டு இவ கிளம்புறா, அந்த நல்லா இருல எவ்ளோ வயித்தெரிச்சல் இருக்கோ அதான் மொத்த பாட்டும்.

2008ல கேட்டி பெர்ரி ஒரு பொண்ண முத்தம் குடுத்தத பாடி அமெரிக்கால 7 வாரம் நம்பர் ஒன்ல உக்காந்தாங்கல்ல, அதுல சும்மா ட்ரை பண்ணேன், பாய்ஃப்ரெண்ட் கோச்சுக்க மாட்டான்னு நினைக்கிறேன்ற டோன். 2024 ஏப்ரல்ல வந்த இந்த பாட்டு, அப்படி ட்ரை பண்ணிட்டு போனவளோட எதிர்ப்பக்கத்துல இருந்து வர்ற மாதிரி இருக்கு எனக்கு.

சவுண்டு பக்கா 80ஸ் சிந்த் பாப், அதாவது சிந்தசைசர் கீபோர்டு தூக்கலா இருக்கற பாப். ப்ரொட்யூசர் டான் நைக்ரோ, பாடகி ஒலிவியா ரோட்ரிகோவுக்கு பண்றவர்தான். வெர்ஸ்ல சாதாரணமா பேசுற மாதிரி பாடிட்டு கோரஸ்ல சட்டுன்னு உச்சிக்கு போய் கள்ளக்குரல்ல மிதக்குறாங்க, அங்க வார்த்தை சரியா புரியல, போன் ஸ்பீக்கர்ல கேட்டா சுத்தம், ஹெட்போன் போட்டே ஆகணும். ஆனா கடைசி கோரஸுக்கு முன்னாடி வர்ற பிரிட்ஜ் வந்ததும் ஒரு வார்த்தை கூட தப்பாது. வருஷம் கழிச்சு நடு ராத்திரி புருஷன் பக்கத்துல முழிச்சு தலைல கை வெச்சு உக்காந்திருப்ப, அவனுக்கு பொண்டாட்டிங்கறத தவிர நீ வேற எதுவும் இல்ல, அப்ப நான் சொன்னது ஞாபகம் வரும்னு தொண்டை கிழிய கத்துறாங்க. தான் யாருன்னு இவ எப்பவோ கண்டுபுடிச்சிட்டா, அவ கண்டுபுடிக்கப்போறது அந்த ராத்திரிலதான்.

முடியுற இடம் இன்னும் செம. இந்த ஃபீலிங்க நிறுத்தணும்னா உலகத்தையே நிறுத்தணும்னு பாடிட்டே இருக்கும்போது பாட்டே ஸ்லோவாகி குரல் கனத்து அடங்கி நின்னுடுது, டேப் ரெக்கார்டர்ல பேட்டரி போற மாதிரி.

ஒரே ஒரு குறை, அந்த இன்னொருத்தி பயத்துக்கு பாட்டுல இடமே இல்ல. மிசௌரில வில்லர்ட்ங்கற சின்ன ஊர்ல கிறிஸ்டியன் குடும்பத்துல வளந்தவங்க ரோன், வெளிய சொன்னா ஊர்ல என்ன ஆகும்னு அவங்களுக்கு தெரியாதா என்ன? ஆனா விட்டுட்டு போனவள பத்தி நியாயமா பேசுற மனநிலைல யாரு இருப்பா, அந்த ஒரவஞ்சனை இல்லன்னா பாட்டு சப்புன்னு போயிருக்கும்னுதான் திரும்ப திரும்ப கேக்கறப்ப தோணுது.

லிரிக் வீடியோதான் இருக்கு, நடிச்சு எடுத்த மியூசிக் வீடியோ இல்ல, பதிலா 2024 விஎம்ஏ (எம்டிவியோட மியூசிக் வீடியோ விருது விழா) மேடைல போர்க்கவசம் போட்டு கோட்டை செட்டுக்கு தீ அம்பு விட்டு பாடினத பாருங்க, பாட்டுல இருக்கற கோவத்துக்கு அதான் கரெக்ட். ரோனோட 2023 ஆல்பத்துல தேடாதீங்க, இது அதுக்கப்புறம் வந்த தனி சிங்கிள், ஆனா புடிச்சிருந்தா அந்த ஆல்பத்துல பிங்க் போனி கிளப்ங்கற பாட்டுல இருந்து ஆரம்பிங்க.