அழகர் ஆற்றில் இறங்கிய பிறகு வந்த பை

நான்கு வருஷத்தில் மூன்று முதுகுப்பைகள் கிழிந்துவிட்டன. மூன்றும் பெரிய கம்பெனிப் பைகள், பெயர் வேண்டாம். கடைசிப் பை, கேரளத் திரைப்பட விழாவுக்காகத் திருவனந்தபுரத்தில் இறங்கி, தம்பானூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கைரளி தியேட்டருக்கு நடக்கும்போதே தோள்வாரோடு பிய்ந்தது. அந்த டிசம்பர் முழுக்கப் பையைப் பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் டாகூர் தியேட்டர் வரிசையில் நின்றேன்.

சொந்தக் காசில் படம் எடுப்பவன் பையில் துணி குறைவுதான், கனம்தான் அதிகம். லேப்டாப், போஸ்டர் சுருள், இரண்டு ஹார்ட் டிஸ்க். என் படம் தொண்ணூற்றிரண்டு நிமிஷம். தியேட்டரில் போடும் டிசிபி என்ற டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றினால் 150 ஜிபியைத் தாண்டுகிறது. அந்த டிஸ்க் லினக்ஸ் முறையில் இருப்பதால் விண்டோஸ் லேப்டாப்பில் செருகினால், 'ஃபார்மட் பண்ணவா?' என்று அன்பாகக் கேட்கும். யாராவது ஆமாம் என்று தட்டிவிட்டால் படம் போச்சு. அதனால் இன்னொரு பிரதி எப்போதும் கூடவே வரும்.

சரி, பைக்கு வருவோம். மதுரை புது மண்டபத்தில் இருந்த தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். சாமிக்குத் துணி தைக்கும் ஒரு அண்ணனிடம் போய் நின்றேன். போன நேரம் சரியில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் சட்டையும் தலைப்பாகையுமாகக் கடை முழுக்க வெல்வெட்டு. "அழகர் ஆத்துல எறங்கட்டும் தம்பி, பெறகு வா" என்றார். அழகர் இறங்கி மலைக்கும் திரும்பிவிட்டார். பை வந்ததென்னவோ ஜூன் நடுவில்தான். நாலு தடவை அலையவிட்டார். இதற்கு ஒரு மார்க் குறைக்கிறேன்.

ஆனால் வேலை சுத்தம். காக்கி கேன்வாஸ், உள்ளே ஃபோம். தோள்வாரைப் பையின் மேல்விளிம்போடு நிறுத்தாமல் அடிவரை ஓட்டி, சேருமிடத்தில் சதுரமும் பெருக்கல் குறியுமாக மூன்று ஓட்டு ஓட்டியிருக்கிறார். டிஸ்க் வைக்கும் அறைக்கு லைனிங் வாங்கித் தரச் சொன்னேன். "எதுக்குக் காசு?" என்று திருவிழாவில் மிஞ்சிய சிவப்பு வெல்வெட்டையே வைத்துத் தைத்துவிட்டார், ஓரத்தில் ஜரிகையோடு. கோவாவிலிருந்து திரும்பும்போது விமான நிலையத்தில் சோதனை போட்டவர் அந்த அறையைத் திறந்துவிட்டு, "சாமி சிலையா?" என்று கேட்டார். டிஸ்க்கைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் வாடியதுபோல் இருந்தது.

இதுவரை திருவனந்தபுரம் இரண்டு முறை, கோவாவின் பணஜி ஒரு முறை போய் வந்திருக்கிறது. விழா முடிந்ததும் இரண்டு நாள் சிறுமலைக்கு ஓடிவிடுவது என் வழக்கம். படத்தைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள். போன முறை ஒரு சீப்பு மலைவாழையை உள்ளே போட்டு மறந்துவிட்டேன். பதினெட்டு கொண்டை ஊசி வளைவும் இறங்கி திண்டுக்கல் வருவதற்குள் பாதி பழம் கூழ். கேன்வாஸைத் துவைத்துக் காயப்போட்டதும் கறைகூட இல்லை. வெல்வெட்டில் மட்டும் இன்னும் லேசாகப் பழவாசனை.

குறைகள்? மழை தாங்காது. கோவாவில் பெய்த ஒரு மழைக்கு போஸ்டர்கள் ஈரமாகிவிட்டன. இப்போது உள்ளே ஒரு உரச்சாக்கு பிளாஸ்டிக் போட்டுக்கொள்கிறேன். ஜிப் ரன்னர் மட்டமானது, எட்டே மாதத்தில் பல் விட்டது. கொண்டுபோய்க் காட்டினேன். திட்டிக்கொண்டேதான் வாங்கினார், திட்டிக்கொண்டேதான் மாற்றினார், காசு வாங்கவில்லை. காலிப் பையே கனம்தான்; தோள் வலிக்காரர்கள் யோசிக்கவும்.

தையல் கூலி, துணி எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய் கொடுத்தேன். நீங்கள் போவதாக இருந்தால் பங்குனி, சித்திரை மாதங்களில் போகாதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். டிஸ்க்கையும் லேப்டாப்பையும் கையோடு கொண்டுபோங்கள், வாய் வார்த்தையில் அளவு சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.