டோக்கியோவா, ஒசாகா–கோபேயா? ஜப்பானின் தனியார் பள்ளி நுழைவுத் தேர்வுகள்

பிள்ளையின் ஏழாம் வகுப்புக்காக எந்த ஊரில் தங்குவது என்று குழம்பும் பெற்றோர், முதலில் மாதிரித் தேர்வின் ‘ஹென்சாச்சி’ எண்ணைத்தான் (சராசரியோடு ஒப்பிட்டு ஒருவரின் நிலையைக் காட்டும் மதிப்பெண்) பார்க்கிறார்கள். அதில் 50 என்றால் அந்தத் தேர்வை எழுதியவர்களின் சராசரி, அவ்வளவுதான். எழுதும் கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். டோக்கியோ 55-ஐயும் ஒசாகா 55-ஐயும் பக்கத்தில் வைத்து எந்த ஊர்ப் பிள்ளைகள் கெட்டி என்று முடிவு கட்டாதீர்கள்.

பாடங்கள்
டோக்கியோ: ஜப்பானிய மொழி, கணக்கு, அறிவியல், சமூகவியல். கைசேய் பள்ளி நான்கையும் கேட்கிறது.
ஒசாகா–கோபே: சமூகவியல் இல்லாமலே பல பள்ளிகளுக்கு எழுதலாம். கோபேயின் நாடா பள்ளியில் அது அறவே இல்லை. 500 மதிப்பெண்ணில் மொழிக்கு 200, கணக்குக்கு 200, அறிவியலுக்கு 100. மொழியையும் கணக்கையும் இரண்டு நாளும் எழுத வேண்டும்; பிள்ளைக்கு உண்மையிலேயே கடினம்.

தேதி
டோக்கியோ: பிப்ரவரி 1 முதல்.
ஒசாகா–கோபே: ஜனவரி நடுவில். அதனால் டோக்கியோ பிள்ளைகள் சிலர் நாடாவையும் எழுதிவிட்டுத் திரும்புகிறார்கள்.

கணக்கில் ஊறிய பிள்ளைக்கு ஒசாகா பக்கம் பொருந்தும். நான்கு பாடமும் சீராக வரும் பிள்ளைக்கு டோக்கியோ. ஜப்பானிய மொழி இன்னும் தடுமாறினால் அப்போதும் டோக்கியோதான்: வெளிநாட்டிலிருந்து திரும்பிய பிள்ளைகளுக்குத் தனித் தேர்வு வைக்கும் பள்ளிகள் அங்கேதான் அதிகம்.